தாழ்ப்பாள் உள்ள அறை

மடத்துவெளி,
புங்குடுதீவு.
3.9.1984

மனோகரிக்கு மச்சாள் அன்னபூரணம் எழுதுவது.

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. உம்முடைய சுகம் இப்போது தீவுக்குத் தீவு தெரிந்த சுகமாகிவிட்டது. நெய் வாங்க நெடுந்தீவுக்கு வந்து போகிற இலட்சுமிப்பிள்ளை நேற்றுக் குறிகட்டுவானில் படகால் இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் விறாந்தையில் வந்து குந்தினாள். நெய்ச் சட்டியை இறக்கி வைக்கவும் இல்லை, வாயைத் திறந்துவிட்டாள்.

"உன்ரை தம்பி பெண்சாதி முற்றத்திலை நாலு காலிலை நிக்கிறாள் அன்னம். வயித்தைத் தொங்க விட்டுக்கொண்டு முதுகை ஏத்தி ஏத்தி இறக்கிறாள். அந்த வேதக்கார மருத்துவிச்சி எமிலி பக்கத்திலை நிண்டு எண்ணுறாள். மதில் உயரமில்லைத்தானே, ரோட்டாலை போறவை எல்லாரும் பாக்கினம்."

அவளுடைய தீர்ப்பு என்னவென்றால், நீர் வேதத்துக்கு மாறிவிட்டீர். ஊர்காவற்றுறையில் மாதா திருநாளுக்கு முழந்தாளில் நடந்து நேர்த்தி தீர்க்கிற கிறிஸ்தவப் பெண்களை அவள் கண்டிருக்கிறாளாம். நீர் அதற்குத்தான் பழகுகிறீராம். "அப்பிடி இராது" என்று அவளுக்குச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். சொன்னது வாய் மட்டும்தான். படித்த பெண், பள்ளிக்கூட ரீச்சர் என்றுதானே உம்மை என் தம்பிக்குச் செய்து வைத்தோம். படிப்பு எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

பரமலிங்கம் சவூதி வெயிலில் லொறி ஓட்டுகிறான். முதல் பிள்ளை வருகிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் பூரித்துப் போய் எழுதுகிறான். நீர் அவனுக்கு இந்தக் கூத்தை எழுதினீரா, அல்லது அதையும் நான்தான் எழுத வேண்டுமா?

நானும் நாலு பெற்றவள். இடுப்பும் நாரியும் நோகாத பிள்ளைத்தாய்ச்சி எங்கே இருக்கிறாள்? நொந்தால் பல்லைக் கடிக்க வேண்டும். அதற்குத்தான் பல். எங்கள் குடும்பத்தில் நாலு காலில் நிற்கிறவை பட்டியில் நிற்கின்றன.

அன்னபூரணம்


நெடுந்தீவு.
10.9.1984

மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்காமலும் கடிதம் எழுதலாம் என்று உங்களிடம் கற்றுக்கொண்டேன். ஆகவே நானும் விசாரிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இலட்சுமிப்பிள்ளைக்கு இதையும் சொல்லுங்கள், பாவம், அவள் பாதியைத்தான் கொண்டுவந்திருக்கிறாள். இங்கே வளவுக்கு வளவு கற்சுவர். போய் வருவதற்குச் சுவரில் ஓரிடத்தைத் தாழ்வாக விட்டிருப்பார்கள். கடப்பு என்போம். மாடு தாண்டாது, மனிசர் காலைத் தூக்கிப் போட்டுக் கடக்கலாம். ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் நான் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். மற்றக் கால் வரவில்லை. முன்னால், இரண்டு தொடையும் சேருமிடத்தில், ஆப்பு வைத்து அறைந்தமாதிரி ஒரு நோ. சுவருக்கு இருபுறமும் காலைப் போட்டபடி, போகவும் ஏலாமல் வரவும் ஏலாமல் நின்று அழுதேன். ஐயா மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைத்தாய்ச்சி மகள் அப்படி நிற்கக் கண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மாட்டைத் திட்டிப் பேசினார். மாடு என்ன செய்தது, பாவம்.

கடைசியில் எமிலி அக்காதான் சைக்கிளை விட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கி எடுத்தா. அவ அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மருத்துவிச்சி. என் வயிற்றைத்தான் பார்க்க வருகிறா, ஆத்துமாவை அல்ல. பிள்ளை வளர வளர இடுப்பு மூட்டுகள் இளகுமாம். சிலருக்கு அளவுக்கு மேல் இளகி இப்படி நோகுமாம். கையையும் முழங்காலையும் ஊன்றி, மூச்சை விட்டு முதுகை மெல்ல மேலே வளைத்து, பிறகு மட்டத்துக்குக் கொண்டுவந்தால் நாரியிலிருந்து பாரம் இறங்கும் என்று காட்டித் தந்தா. எண்ணியது என் மூச்சை. செபமாலை அல்ல.

கோவில் வீதியில் ஆம்பிளை உருண்டால் அங்கப்பிரதட்டை. பொம்பிளை விழுந்து விழுந்து கும்பிட்டால் அடியழிப்பு. நீங்கள் வழிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள். நான் என் முற்றத்தில் என் நோவுக்குக் குனிந்தால் மதம் மாறிவிட்டேன். நல்ல கணக்கு.

இனி உண்மையான விஷயம். எனக்கு மார்கழி முற்பகுதியில்தான் நாள். முதல் பிள்ளை, இடுப்பும் இந்தக் கோலம், தீவில் வைத்துப் பார்க்க வேண்டாம், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகை பிறந்தால் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில நாள் படகே விடமாட்டார்கள். அதற்கு முன் உங்கள் கரைக்கு வந்து, யாழ்ப்பாணத்துக்குப் பஸ் போகிற ரோட்டோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீடு உங்களுடையது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவ எங்கேயாவது ஓர் அறை பிடித்துத் தந்திருப்பா, உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன். ஓர் அறை தாருங்கள் மச்சாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்க என்னால் ஏலாது.

மனோகரி


மடத்துவெளி.
19.9.1984

மனோகரிக்கு,

உம்முடைய கடிதத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். மாட்டைப் பேசிய இடத்தில் இவர் சிரித்தார். வல்லிபுரத்தார் சிரித்தால் அந்த வருசம் மழை பிந்தும் என்று ஊரில் சொல்வார்கள்.

அறை தர ஏலாது. ஏன் என்று கேட்பீர், ரீச்சர் அல்லவா. என் மூத்தவள் சிவயோகத்துக்குத் தையில் கலியாணம். வேலணைப் பகுதி. மாப்பிள்ளையின் தாய் சின்னாச்சி சொல்லாமல் கொள்ளாமல் வந்து போகிற மனுசி. வந்தால் அடுப்புச் சாம்பலையும் கிண்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நீர் பிள்ளையோடு துடக்கும் தீட்டுமாக என் வீட்டில் கிடந்தால் அவள் என்ன சொல்லுவாள்? அதற்குமேல், நீர் வேதத்துக்கு மாறின கதை வேலணைக்கும் போய்விட்டது. இலட்சுமிப்பிள்ளை அங்கேயும் நெய் விற்கிறாள். போன கிழமை சின்னாச்சி என்னிடமே கேட்டாள், "உங்கடை பகுதியிலை வேதக்காரரும் இருக்கினமோ?" என்று. ஒரு கலியாணம் நிற்க இது போதும்.

உம்முடைய இளகின இடுப்புக் கதையை நான் நம்பவில்லை. எங்களுக்கெல்லாம் இறுகின இடுப்பா? மூன்றாவதைச் சுமந்துகொண்டு வயலில் நாற்று நட்டேன். அன்றைக்கு எந்த எமிலி வந்து மூச்சு எண்ணினாள்?

சிரிக்கிறதற்காகக் கேட்கிறேன். இலட்சுமிப்பிள்ளை சொல்கிறாள், நீர் முழங்காலுக்கிடையில் தலையணி வைத்துப் படுக்கிறீராம். எந்தப் பக்கம் சரிந்து? பாயிலிருந்து எழும்பும்போது என்ன வித்தை காட்டுகிறீர்? வலது பக்கம் பிடித்து இழுக்கிற ஆட்களுக்கு என்ன செய்யச் சொல்லுவாள் அந்த எமிலி? படி இறங்கும்போது எந்தக் காலை முதல் வைக்கச் சொல்லுவாள்? இதுகளையும் எழுதும். இங்கே பொழுது போகவில்லை.

அன்னபூரணம்


நெடுந்தீவு.
30.9.1984

மச்சாளுக்கு,

கலியாண வீட்டில் பொழுது போகவில்லை என்பது நான் கேள்விப்படாத புதினம். இருந்தாலும் சிரிக்க ஆசைப்படுகிறவரை ஏமாற்றக்கூடாது.

இடது பக்கம் சரிந்து படுக்க வேண்டும். முழங்காலுக்கிடையில் தலையணி, வயிற்றுக்குக் கீழே மடித்த சேலை. மல்லாக்கப் படுக்காதீர்கள். எழும்பும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டு, ஒரேயடியாய்ப் பக்கத்துக்குத் திரும்பிக் கையை ஊன்றி எழும்ப வேண்டும். ஒரு காலை முன்னால் விட்டு மற்றக் காலை இழுத்தால் உயிர் போகும். ஒற்றைக் காலில் நின்று பாவாடை உடுக்கக்கூடாது, கதிரையில் இருந்து உடுக்க வேண்டும். படி ஏறும்போது நோகாத கால் முதல். இறங்கும்போது நோகிற கால் முதல். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைக்கக் கூடாது. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடித்து, நாரியைச் சுவரோடு அமர்த்தி மூச்சு விடலாம். கதிரையில் இருந்து முழங்காலுக்கிடையில் தலையணியை மெல்ல நெருக்கி விடலாம். எதைச் செய்தாலும் நோவு கூடினால் நிற்பாட்ட வேண்டும். இரத்தம் பட்டாலோ தண்ணி போனாலோ வித்தை ஒன்றும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிரித்து முடிந்ததா?

இப்போது நான் கொஞ்சம் சிரிக்கப் போகிறேன். இலட்சுமிப்பிள்ளை உங்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது என்னிடம் உங்களைப் பற்றிச் சொல்லமாட்டாள் என்று நினைத்தீர்களா? போன வியாழன் இங்கே வந்தாள். முருகன் கோவில் படியில் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினீர்களாம். சம்பந்தம் பேச வந்தவர்கள் பாயில் இருக்க, நீங்கள் மட்டும் கடைசிவரை தூணோடு நின்றீர்களாம். "அன்னம் சம்பந்தியிட்டை மரியாதையாய் நிக்கிறா" என்று அவள் மெச்சினாள். உங்களுக்கு மரியாதைக்கு நிற்கிற பழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் கலியாணத்தில் கதிரையைவிட்டு எழும்பாத மனுசி நீங்கள்.

வலது பக்கம் பிடித்து இழுக்கிற ஆள் யார் மச்சாள்? அந்த ஆளுக்கு எத்தனை மாதம்?

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்கள் தம்பிக்கும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குடம் சுமக்கிறதை நினைக்க எனக்கு எரிச்சல் வருகிறது. இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

மனோகரி


மடத்துவெளி.
8.10.1984

மனோகரி,

உமக்கு வெட்கமில்லை. மூத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? கடிதத்தை வாசித்த உடனே அடுப்பில் போட்டேன். போட முன்னம், படி இறங்குகிற பகுதியை மட்டும் இன்னொரு தரம் வாசித்தேன்.

நாலாம் மாதம் நடக்கிறது. இப்போது சிரியும். நாற்பத்தொரு வயதில், மகளுக்குக் கூறை எடுக்கிற நேரத்தில், தாய்க்கு வயிறு. இதைச் சின்னாச்சி அறிந்தால் வேலணையில் ஒரு வருசத்துக்குச் சிரிப்பார்கள். மாப்பிள்ளைப் பெடியன் தலை நிமிர்ந்து நடக்கமாட்டான். சிவயோகத்துக்கு நான் எந்த முகத்தோடு சொல்லுவேன்? இவருக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருக்கிறார். ஒரே பேப்பரை இரண்டு நாள் வாசிக்கிறார்.

முந்தின நாலும் இப்படி நோகவில்லை. இது என்னைக் கிழிக்கிறது. கிணற்றடியில் வாளியைத் தூக்கினால் கண்ணில் தண்ணி வருகிறது. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக ஏலாது, அங்கே வரிசையில் பாதிப்பேர் புங்குடுதீவு. நீர் எழுதின மாதிரிச் சரிந்து படுத்தேன். நித்திரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

மேற்குப்பக்க அறையில் நெல்லு மூட்டை இருந்தது. எடுப்பித்துவிட்டேன். அந்த அறைக்கு உள்ளால் தாழ்ப்பாள் உண்டு. கந்தசட்டிக்கு முன் வந்து சேரும். பிள்ளையோடு திரும்பி வந்தாலும் அந்த அறையிலேயே இரும், துடக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு காலில் நிற்கிறதை எழுத்தில் விளங்கிக்கொள்ள என்னால் ஏலவில்லை. ஒருமுறை தனியே செய்து பார்த்தேன், முதுகு எங்கே போகவேண்டும், வயிறு எங்கே போகவேண்டும் என்று தெரியாமல் குப்புற விழப்பார்த்தேன். வந்து காட்டும்.

எமிலியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். இந்த வீட்டுக்கு ஒரு வேதக்காரி போதும்.

அன்னபூரணம்


நெடுந்தீவு.
17.10.1984

மச்சாளுக்கு,

வருகிற திங்கள் காலைப் படகில் வருகிறேன். எனக்கு இரண்டு தலையணி வேண்டும். உங்களுக்கு இரண்டு. கல்லுத்தலையணி அல்ல, பஞ்சு.

துறையிலிருந்து படகுக்குக் காலை அகட்டி வைத்து ஏறமாட்டேன். எமிலி அக்கா என்னைத் துறை விளிம்பில் இருத்தி, இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பிப் படகுக்குள் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறா. படகுக்காரர் சவிரிமுத்து, "மூட்டை ஏத்திற மாதிரி ஏத்திவிடுறன் பிள்ளை, பயப்பிடாதையும்" என்று வாக்குத் தந்திருக்கிறார். கடலில் நேவிக்காரர் மறித்துச் சோதனை போட்டு எல்லாரையும் எழும்பி நிற்கச் சொன்னால் என்ன செய்வது என்றுதான் பயம். ஐயா கடப்புச் சுவரில் எனக்கு வழிவிட இரண்டு வரிசைக் கல்லைக் கழற்றிவிட்டார். இனி மாடெல்லாம் தாண்டும். தனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்று அவர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

இலட்சுமிப்பிள்ளையும் அதே படகில் வருகிறாள். ஆகவே நான் உங்கள் படலைக்கு வருமுன்னர் நான் எப்படி ஏறினேன் என்ற செய்தி வந்துவிடும்.

மனோகரி


பெரியாஸ்பத்திரி,
யாழ்ப்பாணம்.
9.12.1984

மச்சாளுக்கு,

பெண்பிள்ளை. நேற்று விடியப் பிறந்தது. இருவரும் சுகம். நோவெடுத்தபோது, பிடித்துக்கொள்ள உங்கள் கை வேண்டும் என்று கேட்டு அழுதேன் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறா. நான் அதை நம்பவில்லை, நீங்களும் நம்பவேண்டாம்.

பிள்ளைக்கு உங்கள் மூக்கு. பார்த்த நேரமே யாரையோ குறை சொல்லப் போகிறமாதிரி ஒரு மூக்கு.

பிள்ளையைப் பார்க்க வந்த வல்லிபுரம் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்துச் சிரித்தார். இனி மழைக்குப் பயம்.

கட்டிலில் கிடந்து உங்கள் அறையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இரண்டுபேரும் பாயில் எதிரும் புதிருமாய் நாலு காலில் நிற்க, சிவயோகம் கதவைத் தட்டி, "உள்ளை என்ன செய்யிறியள்?" என்று கேட்பாள். "அரிசி பொறுக்கிறம்" என்று நீங்கள் சத்தம் வைப்பீர்கள். சாட்டுக்கு மூலையில் சுளகு நிறைய அரிசி. ஆறு கிழமையாய் அதே அரிசி. புழுவே பிடித்துவிட்டது. உங்களுக்கு முதுகும் இன்னும் சரியாய் ஏறுகிறதில்லை, மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள். மூச்சை விடுங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன். கோபத்தை விட்டாலும் மூச்சை விடமாட்டீர்கள், கோபத்தையும் விடமாட்டீர்கள்.

மச்சாள், பகிடி போதும். தையில் ஏழு மாதம் ஆகிவிடும். சேலையை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் மணவறையில் நிற்கும்போது எல்லாருக்கும் தெரியும். அங்கே வைத்துத் தெரிந்தால்தான் சிவயோகத்துக்கு அவமானம். முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். பிறகு சின்னாச்சிக்கு. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் கடப்பில் காலை விரித்துக்கொண்டு நின்றதைக் கண்டு நெடுந்தீவே சிரித்தது. இன்றைக்கு மகளை வைத்திருக்கிறேன்.

மனோகரி


மடத்துவெளி.
15.12.1984

மனோகரிக்கு,

என் மூக்கு என்றால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். உம்முடைய வாய் வராமல் இருக்க முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

நீர் சொன்னமாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நீர் சொல்கிறமாதிரி எதுவும் நடக்கிறதில்லை. நேற்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மேற்கு அறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். நீர் இருந்தபோது அது உம்முடைய வேலை. நான் பாயில் கையையும் முழங்காலையும் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டு நிற்கிறேன், கதவு திறக்கிறது. சின்னாச்சி.

முதலில் அவள் கால்களைத்தான் கண்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். கூறைச் சேலைப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை நுனியிலிருந்து அடிவரை பார்த்தாள்.

"அப்ப இலட்சுமிப்பிள்ளை சொன்னது சரிதான். நீரும் வேதத்துக்குப் போயிட்டீரோ?"

ஓம் என்றால் கலியாணம் அந்த இடத்திலேயே நின்றது. இல்லை என்றால், பிறகென்ன செய்கிறீர் என்று கேட்பாள். நான் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பிள்ளை வயித்திலை. நாரி நோகுது. அதுக்கு இது சுகம்."

அவள் சிரித்தாள் மனோகரி. நான் நினைத்ததைவிடக் கேவலமாய்ச் சிரித்தாள். "மகளுக்குத் தாலி, தாய்க்குத் தொட்டிலோ?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக் களைத்துப்போய்க் கதிரையில் இருந்தாள். சிவயோகத்தின் வாழ்வு போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் எழும்பவில்லை. எழும்பினால் அவளுக்கு முன்னால் விழுந்துவிடுவேன் என்று பயம்.

பார்சலைக் கட்டிலில் வைக்கவென்று அவள் எழும்பப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டாள். ஒரு கை கதிரைப் பிடியில், மற்றக் கை நாரியில். முகம் கோணிப்போயிற்று. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. மெல்லத் திரும்ப இருந்தாள்.

"எனக்குக் கடைசிப் பெடியன் பிறந்த நாள் தொடக்கம் இப்பிடித்தான்" என்றாள். "ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை." கதிரைப் பிடியை விடாமல், "பிள்ளை வயித்திலை இல்லாத ஆக்களும் இதைச் செய்யலாமோ?" என்று கேட்டாள்.

எனக்கு அவளில் இரக்கம் வரவில்லை. அப்படி ஒன்றும் நினையாதையும். "முதலிலை கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடும்" என்றேன். போட்டாள். இரண்டு முழங்காலையும் சேர்த்து இறங்கச் சொன்னேன், அகட்டி இறங்கிக் கத்தினாள். முதுகை ஏற்றச் சொன்னால் தலையை ஏற்றுகிறாள். மூச்சை விடச் சொன்னால் கதை விடுகிறாள். உம்மைவிட மோசம். நான் அவளுக்கு நன்றாய்ப் பேசினேன், நீர் எனக்குப் பேசினதெல்லாம் ஞாபகம் இருந்தது. கலியாணம் நிற்கவில்லை. கூறை மாம்பழ மஞ்சள். சிவயோகத்துக்கு இரவு சொன்னேன். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியும் அம்மா. ஆறு கிழமையா ஆர் அரிசி பொறுக்கிறவை?" என்றாள்.

ஆனால் அதற்கு முன், மத்தியானம் நாங்கள் இரண்டுபேரும் பாயில் நிற்க, அவள் வழக்கம்போலக் கதவைத் தட்டினாள். "அம்மா, மாமி வந்தவ, எங்கை? உள்ளை என்ன செய்யிறியள்?"

நான் வாயைத் திறக்க முன்னம், எனக்கு எதிரே நாலு காலில் நின்ற சின்னாச்சி மூலையில் கிடந்த சுளகைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அரிசி பொறுக்கிறம், பிள்ளை."

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி உம்மை விட்டதும் நேரே இங்கே வாரும். அறையில் மூன்று பாய் போட இடம் காணும்.

அன்னபூரணம்